தண்டர்பேர்டில் ஜிமெயில்: மெயில் எங்கே இருக்கிறது, எந்த வழியில் வந்து போகிறது?

ஜிமெயில் இலவசமாகத் தரும் இடம் 15 ஜிபி. டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். அது நிரம்பியதும் பலருக்கும் ஒரே யோசனை வருகிறது: கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் மென்பொருளைப் போட்டு மெயிலையெல்லாம் அதில் இறக்கிவிடலாம், பிறகு ஜிமெயிலில் இருப்பதை அழித்துவிடலாம். சொன்னபடியே இறக்குகிறார்கள், அழிக்கிறார்கள். அடுத்த முறை தண்டர்பேர்டைத் திறந்தால் அங்கேயும் மெயில் இல்லை.

மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. எப்படி அமைக்கப்பட்டதோ அப்படித்தான் அது நடந்துகொண்டது. மெயில் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகாமலே கணக்கைச் சேர்த்துவிடுவதால் வரும் வினை இது. கணக்கைச் சேர்க்க இரண்டு நிமிடம் போதும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இன்னும் பத்து நிமிடம் செலவழித்தால் பல வருட மெயில் பத்திரமாக இருக்கும்.

கணக்கு வேறு, அதைக் காட்டும் மென்பொருள் வேறு

உங்கள் பணம் வங்கியில் இருக்கிறது. கிளையில் உள்ள கவுன்டர், தெருமுனை ஏடிஎம், போனில் உள்ள ஆப் மூன்றும் காட்டுவது அதே ஒரு கணக்கைத்தான். ஏடிஎம்மில் 2,000 ரூபாய் எடுத்தால் ஆப்பிலும் 2,000 குறைந்திருக்கும். ஆப்பை அழித்துவிட்டால் பணம் போய்விடாது.

மெயிலும் இப்படித்தான். உங்கள் மெயில்கள் கூகுளின் கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. எந்நேரமும் இணையத்தில் இருந்துகொண்டு கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் இத்தகைய கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர். பிரவுசரில் ஜிமெயிலைத் திறப்பது அந்த சர்வரை எட்டிப் பார்க்கும் ஒரு வழி, போனில் உள்ள ஜிமெயில் ஆப் இன்னொரு வழி, தண்டர்பேர்டு மூன்றாவது. சர்வரோடு பேசி மெயிலைக் காட்டும் இப்படிப்பட்ட மென்பொருளை மெயில் கிளையன்ட் என்பார்கள். தண்டர்பேர்டு உங்களுக்குப் புதிய முகவரி எதையும் தருவதில்லை. அதை அன்இன்ஸ்டால் செய்தாலும் ஜிமெயில் கணக்கு அப்படியே இருக்கும்.

பிரவுசரே போதுமே என்று கேட்கலாம். ஒரே ஒரு கணக்கு, நிற்காத இணைய இணைப்பு என்றால் போதும்தான். ஜிமெயில் ஒன்று, அலுவலக மெயில் ஒன்று, பழைய யாஹூ ஒன்று என்று வைத்திருப்பவருக்கும், இணையம் இல்லாத நேரத்தில் பழைய மெயிலைத் தேடி எடுக்க வேண்டியவருக்கும் தண்டர்பேர்டு பெரிய வசதி.

மெயில் வரும் வழி: ஐமேப், பாப்

சர்வரில் உள்ள மெயிலை எடுத்துக்காட்ட இரண்டு முறைகள் உண்டு. கணக்கைச் சேர்க்கும்போது தண்டர்பேர்டு இதைத்தான் கேட்கிறது. பலரும் படிக்காமல் கடந்துபோகும் கேள்வியும் இதுதான்.

வங்கி உதாரணத்திலேயே சொன்னால், ஐமேப் என்பது கவுன்டரில் நின்று கணக்கைப் பார்ப்பது. பாப் என்பது பணத்தை எடுத்துவந்து வீட்டு பீரோவில் வைத்துக்கொள்வது.

ஐமேப் முறையில் மூலம் எப்போதும் சர்வரில்தான் இருக்கும். தண்டர்பேர்டில் ஒரு மெயிலைப் படித்தால் போனிலும் அது படித்ததாகத் தெரியும். ஒரு ஃபோல்டர் உருவாக்கினால் பிரவுசரிலும் வரும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அங்கே அழித்தால் இங்கேயும் அழியும். தண்டர்பேர்டு இணையம் இல்லாத நேரத்துக்காக ஒரு நகலைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் அந்த நகல் சர்வரைப் பார்த்துப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். சர்வரில் மெயில் போனால் நகலிலும் போகும். முதலில் சொன்ன விபத்து நடப்பது இதனால்தான்.

பாப் முறை மெயிலைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்துவிடும். பிறகு சர்வரில் என்ன நடந்தாலும் வந்த மெயில் மாறாது. ஆனால் அது இன்பாக்ஸை மட்டுமே எடுக்கும். ஃபோல்டர்கள், அனுப்பிய மெயில்கள், எது படித்தது எது படிக்காதது என்ற விவரம் எதுவும் பாப்புக்குத் தெரியாது. இன்று புழக்கத்தில் உள்ள பாப்3 முறை 1988இல் வரையறுக்கப்பட்டது. தொலைபேசிக் கம்பியில் இணைந்து, வந்த கடிதத்தை வேகமாக எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்த காலம் அது. ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், அதுவும் ஒரே இடத்தில். அந்தச் சூழலுக்கு அது சரியாகப் பொருந்தியது. ஐமேப்பை ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தது அதற்கும் இரண்டு ஆண்டுகள் முன்பு, 1986இல். பல கருவிகளிலிருந்து ஒரே பெட்டியைப் பார்க்கும் பழக்கம் பெருகிய பிறகுதான் அதன் அருமை எல்லாருக்கும் தெரிந்தது.

பாப்பில் ஒரு பொறி உண்டு. தண்டர்பேர்டில் பாப் கணக்குக்கு 'லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்' என்ற தேர்வும், அதன் கீழே 'அதிகபட்சம் 14 நாள்' என்ற தேர்வும் தாமாகவே குறியிடப்பட்டிருக்கும். அதாவது 15ஆவது நாள் முதல் சர்வரில் பழைய மெயில் மறையத் தொடங்கும். இணையதளத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் சாதாரண ஹோஸ்டிங் நிறுவனங்களின் சர்வர்களில், 'போனில் போன மாத மெயில் காணோம்' என்ற புகார் வந்தால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது. ஜிமெயில் மட்டும் சற்று வேறு மாதிரி: பாப் மூலம் எடுத்த மெயிலை வைத்திருப்பதா, அழிப்பதா என்பதை ஜிமெயிலின் சொந்த செட்டிங்ஸ் பக்கம்தான் முடிவு செய்யும்.

இதுவரை பார்த்தது: மெயில் இருப்பது சர்வரில். ஐமேப் அதை அங்கேயே வைத்துக்கொண்டு காட்டுகிறது, பாப் இன்பாக்ஸை மட்டும் கம்ப்யூட்டருக்கு இறக்குகிறது. போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் மெயில் பார்ப்பவர் ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள்.

மெயில் போகும் வழி தனி

'மெயில் வருகிறது, அனுப்ப முடியவில்லை' என்பது அடிக்கடி கேட்கும் புகார். ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. பாதி மட்டும் எப்படி வேலை செய்யும் என்று குழம்புகிறார்கள். ஐமேப்பும் பாப்பும் மெயிலை வாங்க மட்டுமே தெரிந்தவை. அனுப்புவதற்கு எஸ்எம்டிபி என்ற வேறொரு முறை இருக்கிறது. 1982இல் வந்தது, மூன்றிலும் மூத்தது. அதற்குத் தனி சர்வர், தனி செட்டிங்ஸ். ஒன்று சரியாக இருந்து மற்றது தவறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

செட்டிங்ஸில் போர்ட் என்று ஓர் எண் கேட்கும். ஒரே சர்வரில் பல சேவைகள் ஓடும். எந்தச் சேவைக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லும் எண்தான் போர்ட். கூடவே 'கனெக்‌ஷன் செக்யூரிட்டி' என்று ஒரு தேர்வு இருக்கும். வழியில் யாரும் படிக்க முடியாதபடி பேச்சை மறைகுறியாக்கும் முறை அது. அதற்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று பெயர்.

போர்ட் எண்ணும் இந்தத் தேர்வும் ஜோடியாகப் பொருந்தவேண்டும். 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்: தொடங்கும்போதே மறைகுறி. 587 என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ்: முதலில் வெளிப்படையாக வணக்கம் சொல்லிவிட்டு, பிறகு மறைகுறிக்கு மாறுவது. 465ஐப் போட்டுவிட்டு ஸ்டார்ட்-டிஎல்எஸ் தேர்ந்தெடுத்தால் தண்டர்பேர்டு சர்வரின் வணக்கத்துக்காகக் காத்திருக்கும். சர்வரோ மறைகுறிப் பேச்சு தொடங்கட்டும் என்று காத்திருக்கும். இருவரும் வாயைத் திறப்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து 'டைம்டு அவுட்' என்று வரும். பாஸ்வேர்டு பிழை என்று வராது, கவனியுங்கள். அதுவரை பேச்சே போகவில்லை.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை

முன்பெல்லாம் ஜிமெயில் பாஸ்வேர்டை அப்படியே தண்டர்பேர்டிடம் கொடுத்தால் போதும். கூகுள் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில் இதை நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக், ஹாட்மெயில் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 அன்று நிறுத்தியது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து 'நார்மல் பாஸ்வேர்டு' என்று தேர்ந்தெடுப்பவர்களுக்கு, சரியான பாஸ்வேர்டை எத்தனை முறை அடித்தாலும் மறுப்புதான் வரும். பாவம், பாஸ்வேர்டையே மாற்றிப் பார்க்கிறார்கள், அதனாலும் பயனில்லை.

இன்றைய முறைக்கு ஓஆத்2 என்று பெயர். தண்டர்பேர்டு ஒரு சிறு ஜன்னலைத் திறக்கும். அதில் தெரிவது கூகுளின் சொந்த லாகின் பக்கம். பாஸ்வேர்டை அங்கே கூகுளிடமே கொடுக்கிறீர்கள், போனில் உறுதிப்படுத்துகிறீர்கள், 'அலவ்' அழுத்துகிறீர்கள். கூகுள் தண்டர்பேர்டிடம் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டைக் கொடுக்கிறது. அதன் பிறகு தண்டர்பேர்டு காட்டுவதெல்லாம் அந்தச் சீட்டைத்தான். நீங்கள் அனுமதித்த வேலைகளுக்கு மட்டும் செல்லும் சீட்டு அது. லேப்டாப் தொலைந்துபோனால் கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய் அந்த ஒரு சீட்டை மட்டும் ரத்து செய்துவிடலாம். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினாலும் இந்தச் சீட்டு செல்லாமல் போகும். மறுபடி லாகின் ஜன்னல் வந்தால் பதற வேண்டாம்.

ஓஆத்2 தெரியாத பழைய மென்பொருளுக்கு 'ஆப் பாஸ்வேர்டு' என்ற வழி இருக்கிறது. கூகுளில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு முறையும் உறுதிப்படுத்துவது) இயக்கத்தில் இருந்தால்தான் அதை உருவாக்க முடியும். 16 எழுத்துகள், நான்கு நான்காகப் பிரித்து ஒரே ஒரு முறை காட்டும். தண்டர்பேர்டில் இது தேவைப்படாது.

மூன்று பகுதிகள் இப்போது கையில் இருக்கின்றன: வரும் வழி ஐமேப், போகும் வழி எஸ்எம்டிபி, அடையாளம் காட்ட ஓஆத்2. கணக்கைச் சேர்ப்பது என்றால் இந்த மூன்றையும் நிரப்புவதுதான்.

கணக்கைச் சேர்ப்போம்

தண்டர்பேர்டை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். முதல் முறை திறந்ததும் கணக்குச் சேர்க்கும் பக்கம் தானே வரும். வராவிட்டால் 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' போய் மெயில் கணக்கு சேர்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர், முகவரி இரண்டையும் நிரப்புங்கள். நீங்கள் இங்கே தரும் பெயர்தான் மெயில் பெறுபவருக்குத் தெரியும், தமிழிலேயே எழுதலாம். ஜிமெயிலுக்குப் பாஸ்வேர்டுக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பரவாயில்லை.

முகவரியில் அட் குறிக்குப் பின்னால் உள்ள பகுதியை வைத்து தண்டர்பேர்டு, தன்னை உருவாக்கிய மொசில்லாவின் பட்டியலில் சர்வர் விவரத்தைத் தேடி எடுத்துக்கொள்ளும். ஐமேப்பா, பாப்பா என்று கேட்கும்போது ஐமேப்பில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கூகுள் ஜன்னல் வரும். லாகின் செய்து அனுமதி கொடுங்கள். ஜன்னல் வெறுமையாக வந்தாலோ, 'குக்கீஸை இயக்குங்கள்' என்று கூகுள் சொன்னாலோ, தண்டர்பேர்டின் பிரைவசி செட்டிங்ஸில் குக்கீகளை ஏற்கும் தேர்வு குறியிழந்து கிடக்கும். பிரவுசரில் அதை மாற்றிப் பயனில்லை, தண்டர்பேர்டுக்குள் மாற்றவேண்டும்.

தானாக விவரம் கிடைக்காத நேரத்தில் கையால் நிரப்ப இவை (தட்டச்சு செய்யும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல்):

வரும் சர்வர்: ஐமேப்.ஜிமெயில்.காம், போர்ட் 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், ஓஆத்2.
போகும் சர்வர்: எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், போர்ட் 465, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், ஓஆத்2.
யூசர்நேம்: இரண்டுக்கும் முழு முகவரி, அட் குறிக்குப் பின்னால் உள்ளதும் சேர்த்து.

பழைய வழிகாட்டிகள் ஜிமெயிலில் ஐமேப்பை முதலில் 'எனேபிள்' செய்யச் சொல்லும். 2025 ஜனவரி முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் ஐமேப் எப்போதும் இயக்கத்திலேயே இருக்கிறது, அந்தப் பொத்தானைத் தேடி அலையவேண்டாம். சென்னை நிறுவனமான ஸோஹோவின் மெயிலைச் சேர்ப்பவர்கள் மட்டும் அதன் செட்டிங்ஸில் ஐமேப்பை இயக்கிவிட்டு வரவேண்டும். இந்தியாவில் தொடங்கிய ஸோஹோ கணக்குக்கு சர்வர் பெயர் 'டாட் இன்' என்று முடியும். 'டாட் காம்' போட்டால் லாகின் தோற்கும்.

ஜிமெயிலின் லேபிளும் இரட்டை மெயிலும்

இது ஜிமெயிலுக்கே உரிய சிக்கல், இதில் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. ஜிமெயிலில் ஃபோல்டர் கிடையாது, லேபிள்தான். ஒரே மெயில் மீது 'இன்பாக்ஸ்', 'வங்கி', 'வருமான வரி' என்று மூன்று சீட்டு ஒட்டியிருக்கலாம். ஐமேப்புக்கு லேபிள் புரியாது, ஃபோல்டர்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு லேபிளும் ஒரு ஃபோல்டராக வரும்; அந்த ஒரே மெயில் மூன்று ஃபோல்டரிலும் தெரியும். போதாததற்கு 'ஆல் மெயில்' என்ற ஃபோல்டரில் எல்லா மெயிலும் இன்னொரு முறை இருக்கும்.

விளைவு: ஜிமெயிலில் 6 ஜிபி இருந்தால் கம்ப்யூட்டரில் ஏறக்குறைய 12 ஜிபி இறங்கும். தேடினால் ஒவ்வொரு மெயிலும் இரண்டு முறை வரும். ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு இறக்க கூகுள் வைத்திருக்கும் வரம்பு 2,500 எம்பி. அதைத் தாண்டினால் கணக்கைக் கொஞ்ச நேரம் பூட்டி வைக்கும். 12 ஜிபி இறங்க ஐந்து நாள் ஆகிவிடும்.

இதைத் தவிர்க்க, பிரவுசரில் ஜிமெயில் செட்டிங்ஸ் திறந்து 'லேபிள்ஸ்' பக்கம் போங்கள். 'ஆல் மெயில்' வரிசையில் 'ஷோ இன் ஐமேப்' என்ற குறியை எடுத்துவிடுங்கள். முதல் முறை இறக்கத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிட்டால் நல்லது. ஒரு சங்கடம் உண்டு: ஜிமெயிலில் ஆர்கைவ் செய்த (அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து மட்டும் ஒதுக்கிய), வேறு லேபிள் இல்லாத மெயில்கள் 'ஆல் மெயில்' ஃபோல்டரில் மட்டுமே இருக்கும். ஆர்கைவ் பழக்கம் உள்ளவர்கள் அந்தக் குறியை விட்டுவைத்து இட நெருக்கடியைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

எங்கே சிக்கும்

பிரவுசரில் ஜிமெயில் திறக்கிறது, தண்டர்பேர்டு மட்டும் இணையவில்லை என்றால் நெட்வொர்க்கைச் சந்தேகியுங்கள். அலுவலகம், விடுதி, கல்லூரி வைஃபைகளில் இணையப் பக்கங்களுக்கான போர்ட் 443ஐ விட்டுவிட்டு 993, 465 போன்றவற்றை அடைத்து வைப்பது உண்டு. போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் வேலை செய்தால் உங்கள் செட்டிங்ஸில் பிழை இல்லை.

சர்வர் தான் யார் என்று நிரூபிக்கக் காட்டும் சான்றுக்கு சர்டிஃபிகேட் என்று பெயர். அது பற்றி எச்சரிக்கை வந்தால் முதலில் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தால், சரியான சர்டிஃபிகேட்டும் செல்லாததாகத் தெரியும். ஆன்டிவைரஸின் மெயில் ஸ்கேன் வசதியும் நடுவில் புகுந்து இதே எச்சரிக்கையை வரவழைக்கும். காரணம் தெரியாமல், எச்சரிக்கையை மீறி இணைய விதிவிலக்கு கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டு மூன்று கணக்கு சேர்த்தவர்கள், ஒவ்வொரு கணக்கும் எந்த எஸ்எம்டிபி சர்வரைப் பயன்படுத்துகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அலுவலக முகவரியிலிருந்து எழுதிய மெயில் ஜிமெயில் சர்வர் வழியாகப் போனால், ஜிமெயில் அனுப்புநர் முகவரியை உங்கள் ஜிமெயில் முகவரியாக மாற்றிவிடும்.

20 எம்பி பிடிஎஃப் இணைத்தால் மறுக்கிறது, வரம்பு 25 எம்பி தானே என்ற கேள்வியும் வரும். மெயிலில் கோப்புகள் எழுத்துகளாக மாற்றப்பட்டே போகின்றன. மூன்று பைட் நான்கு எழுத்தாகும். அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுவதால் 18 எம்பிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

அழிக்கும் முன் உண்மையான நகல்

இடம் காலி செய்யத்தான் தண்டர்பேர்டு என்றால், வரிசை முக்கியம். தண்டர்பேர்டின் இடது ஓரத்தில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று ஒன்று இருக்கும். எந்த சர்வரோடும் சம்பந்தமில்லாத, உங்கள் கம்ப்யூட்டருக்கே சொந்தமான இடம் அது. அதற்குள் '2015', '2016' என்று ஆண்டுவாரியாக ஃபோல்டர் உருவாக்குங்கள். ஜிமெயில் ஃபோல்டரில் அந்த ஆண்டின் மெயில்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து 'காப்பி டு' கொடுங்கள். 'மூவ் டு' வேண்டாம். பாதியில் இணைப்பு அறுந்தால் எது போனது எது நின்றது என்று தேடவேண்டிவரும்.

காப்பி முடிந்ததும் 'வொர்க் ஆஃப்லைன்' தேர்ந்தெடுத்து, லோக்கல் ஃபோல்டரில் சில மெயில்களையும் அவற்றின் இணைப்புகளையும் திறந்து பாருங்கள். தலைப்பு மட்டும் இறங்கி உள்ளடக்கம் இறங்காமல் இருந்தால் இங்கே தெரிந்துவிடும். எண்ணிக்கையும் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

பிறகு 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்தால் 'புரொஃபைல் ஃபோல்டர்' எங்கே இருக்கிறது என்று காட்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுதாக வெளி ஹார்டுடிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். திறந்திருக்கும்போது காப்பி செய்தால் அரைகுறைக் கோப்புகள் போய்விடக்கூடும். இதெல்லாம் முடிந்த பிறகு ஜிமெயிலில் அழிக்கலாம். அழித்தவை 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். தொட்டியைக் காலி செய்த பிறகுதான் 15 ஜிபி கணக்கில் இடம் திரும்பக் கிடைக்கும்.